சனிக்கிழமை மதியச் சண்டை புதன்கிழமையே தொடங்கிவிடுகிறது

புதுச்சேரி வைட் டவுனில் பழைய வீடு ஒன்றை லீசுக்கு எடுத்து, 14 அறைகளோடு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திறந்து எட்டு மாதம் ஆகிறது, அதற்குள் பதினொரு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். வார நாளில் ஈ ஓட்டுகிறோம், சனி ஞாயிறில் ஒரே ரகளை. போன சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ரிசப்ஷன் பையன் ஒரு கஸ்டமரை எதிர்த்துப் பேசிவிட்டான், அவர் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டு நீளமாக எழுதிவிட்டார். பையனை அனுப்பிவிடலாமா? கேமரா கூட்டி, தப்புக்கு அபராதம் போட்டால் சரியாகுமா? இல்லை, இந்தக் காலத்துக் கஸ்டமர்களே இப்படித்தானா?

தம்பி, பன்னிரண்டரை என்று நேரத்தைக் குறித்துச் சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

நான் 2005-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தவள். எட்டு வருஷம் அங்கே. 2013-ல் புதுச்சேரிக்கு வந்து ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், அப்புறம் ரிசப்ஷன், இப்போது முப்பது சொச்சம் அறைகள் உள்ள ஓட்டலுக்கு மேனேஜர். பெருக்கினவள் என்பதால் பெருக்குகிற கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் செக் அவுட் 11 மணி, செக் இன் 1 மணி என்று போட்டிருக்கிறீர்கள். ஹவுஸ்கீப்பிங்கில் இரண்டு பேர். ஆள் காலி செய்த அறையை ஒழுங்காகத் தயார் பண்ண 40 நிமிஷம் ஆகும். படுக்கையை உதறி விரித்து, பாத்ரூமைத் தேய்த்து, கண்ணாடி துடைத்து, மணலைக் கூட்டி எடுக்க வேண்டும். கடற்கரை ஊரில் இந்த மணல் ஒரு தனி வேலை, ஷவர் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு பேர், இரண்டு மணி நேரம், ஆளுக்கு மூன்று அறை. ஆக ஒரு மணிக்கு ஆறு அறை தயார். சனிக்கிழமை 14 அறையும் மாறுகிற நாளென்றால் எட்டுக் குடும்பம் பெட்டியோடு ரிசப்ஷனில் நிற்கும். அவர்களில் பாதிப் பேர் ஒரு மணி வரை காத்திருக்காமல் பன்னிரண்டுக்கே வந்திருப்பார்கள். உங்கள் பையன் பன்னிரண்டரைக்கு யாரிடம் என்ன பேசினான் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் யாரை நிறுத்தியிருந்தாலும் ஏதோ ஒரு சண்டை நடந்திருக்கும். அது கூட்டல் கழித்தலில் வந்த சண்டை.

செக் இன்னை 2 மணிக்குத் தள்ளுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை மூன்றாவதாக ஒரு ஆளைப் போடுங்கள். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் கேட்டால் அரை நாள் வேலைக்கு வருகிற அக்காமார்கள் கிடைப்பார்கள். மூன்று பேர் மூன்று மணி நேரத்தில் பதிமூன்றரை அறை முடிப்பார்கள். மீதி அரை அறைக்கு நீங்களே விளக்குமாறு எடுங்கள், தப்பில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரமே எல்லா முன்பதிவுக்கும் ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போகட்டும்: எத்தனை மணிக்கு வருவீர்கள், அறை 2 மணிக்குத்தான் தயாராகும், அதற்கு முன் வந்தால் பெட்டியை வைத்துக்கொள்ளலாம், முகம் கழுவிக்கொள்ளலாம். முதலில் வருகிறவருக்கு எந்த அறை என்பதை அந்தப் பதில்களைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். அதாவது எந்த அறையை முதலில் பெருக்குவது என்பதும் வெள்ளிக்கிழமை ராத்திரியே எழுதி ஒட்டப்பட்டிருக்கும். இன்னும் பின்னால் போனால், புதன்கிழமை இணையத்தில் அறைகளைத் திறந்துவிடும்போதே, பழுதான ஏசி உள்ள அறையையும் சேர்த்து விற்கிறோமா என்று யாராவது பார்த்தார்களா? பெரும்பாலான இடங்களில் பார்ப்பதில்லை. சனிக்கிழமை சரியாகிவிடும் என்று நம்பி விற்றுவிட்டு, மெக்கானிக் வரவில்லை என்றால் ரிசப்ஷன் பையனிடம் விட்டுவிடுகிறோம்.

பெங்களூர்க்காரர்களை மறந்துவிடாதீர்கள். ராத்திரி பஸ் ஏறி விடிகாலை ஐந்தரைக்கு இறங்குகிறவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் மனுஷனுக்கு வேண்டியது கக்கூஸ், பல் தேய்க்க ஒரு இடம், உட்கார ஒரு நாற்காலி. படிக்கட்டுக்குக் கீழே சின்னதாக ஒரு பாத்ரூமைச் சுத்தமாக வைத்து, பெட்டிகளுக்கு ஒரு மூலை ஒதுக்கினாலே பாதிக் கோபம் தணிந்துவிடும். பீச் ரோட்டில் சூரிய உதயம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர்களே கிளம்பிப் போவார்கள். காரில் வருகிறவர்களுக்கு வேறொரு சங்கடம். பீச் ரோட்டில், அதாவது கூபெர் அவென்யூவில், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், காலை ஏழரை வரைக்கும். வரைபடத்தை நம்பி வந்து, போலீஸ் தடுப்பில் திரும்பி, ஒருவழித் தெருக்களில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு உங்கள் வாசலில் இறங்குகிறவர் ஏற்கெனவே யாரையாவது திட்டத் தயாராகத்தான் வருவார். எந்தத் தெரு வழியாக வர வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

இப்போது கஸ்டமர்களே இப்படித்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் தொழில் வேறு. கடலூர் லாட்ஜுக்கு வருகிறவர் வேலையாக வருகிறவர். மெடிக்கல் ரெப், சிப்காட்டில் மிஷின் மாட்ட வந்த டெக்னீஷியன், கோர்ட் வாய்தாவுக்கு வந்தவர். மாதம் இரண்டு தடவை வருவார், "அந்த மாடி ரூமு காலியா இருக்காம்மா?" என்று கேட்பார். வெந்நீர், ஓடுகிற ஃபேன், காலையில் ஒரு டீ, அவ்வளவுதான் அவருக்கு. சத்தம் போட்டால் அடுத்த மாதமும் இதே முகத்தில் முழிக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். முகூர்த்த நாளில் மட்டும் கதை மாறும். திருவந்திபுரத்தில் கல்யாணம் வைத்தவர்கள் மூன்று பேர் அறையில் பதின்மூன்று பேராகப் படுத்து, விடிகாலை மூன்றரைக்கு எல்லா அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் வெந்நீர் கேட்பார்கள். அதுகூடப் போகப் போகப் பழகிவிடும், ஏனென்றால் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே எந்த நாள் என்று தெரிந்துவிடும்.

புதுச்சேரிக்குச் சனிக்கிழமை வருகிறவர் அப்படி இல்லை. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் ஈசிஆரில் ஓட்டிக்கொண்டு வருகிறார். செவ்வாய்க்கிழமை 2,500 ரூபாய்க்குப் போகிற அதே அறைக்கு நீங்கள் அவரிடம் 5,500 வாங்கியிருக்கிறீர்கள். அவர் மனதில் 5,500-க்கான அறை இருக்கிறது, நீங்கள் கொடுப்பது 2,500-க்கான அறை. உங்கள் பையனுக்கோ சனிக்கிழமை என்று சம்பளம் கூடவில்லை, வேலை மட்டும் இரட்டிப்பு. இந்த இடைவெளியில்தான் சண்டை முளைக்கிறது. சீசனில் விலை ஏற்றாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஏற்றாவிட்டால் வார நாள் நஷ்டத்தை எப்படிக் கட்டுவது? ஏற்றின 3,000-த்தில் கொஞ்சம் அந்த அறைக்குள்ளும் போகட்டும், கொஞ்சம் அந்தப் பையன் கைக்கும் போகட்டும். சனிக்கிழமை பேட்டா என்று 150, 200 ரூபாய் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் அதை ஆரம்பித்தபின் சனிக்கிழமை திடீர் காய்ச்சல் யாருக்கும் வருவதில்லை.

இன்னொரு விஷயம். நம்மூரில் ஓட்டல் என்றால் இட்லி, லாட்ஜ் என்றால் ரூம். பீச் ரோட்டில் இருக்கிற மேரி கட்டடத்துக்கு பிரெஞ்சில் 'ஓத்தேல் தெ வில்' என்று பெயர், அதில் இட்லியும் கிடைக்காது, ரூமும் கிடைக்காது, அந்தப் பெயருக்கு நகராட்சி மன்றம் என்றுதான் அர்த்தம். வார்த்தை ஒன்று, ஆளுக்கு ஆள் எதிர்பார்ப்பு வேறு. உங்கள் கெஸ்ட் ஹவுஸில் சமையலறை இல்லை. அதைப் பதிவு செய்யும் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டீர்களா? "என்னப்பா ஓட்டலு, ஒரு டிபன் கூடக் கிடையாதா?" என்று கேட்கிறவரிடம் பையன் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்களா? லிஃப்ட் இல்லை, மரப்படி செங்குத்தாக இருக்கும், பழைய வீடு என்பதால் சுவரில் உப்புப் பூக்கும், போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்கு பேர் முன்பதிவு செய்யாமல் போவார்கள், போகட்டும். அந்த நான்கு பேர்தான் ஒற்றை நட்சத்திரக்காரர்கள்.

துணி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு படுக்கைக்கு மூன்று செட் வேண்டும்: ஒன்று படுக்கையில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஐப்பசி கார்த்திகை மழையில் நான்கு செட். உங்களிடம் இரண்டுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். புதிதாகத் திறக்கிறவர்கள் எல்லோரும் வாசலில் பித்தளை விளக்கு வாங்கிவிட்டு விரிப்பில் மிச்சம் பிடிப்பார்கள். ஈரம் காயாத டவலைக் கொடுத்துவிட்டு, திட்டு வாங்குவது அதைக் கொண்டுபோன பெண்.

இப்போது ரிசப்ஷன். உங்கள் பையனுக்கு என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறீர்கள்? ஏசி ஓடவில்லை என்று ஒருவர் வந்து நிற்கிறார். பையன் அறை மாற்றித் தரலாமா? 500 ரூபாய் குறைக்கலாமா? இரண்டு காபி வாங்கிக் கொடுக்கலாமா? எதுவுமே முடியாது, "ஓனரக் கேட்டுச் சொல்றேன் சார்" என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றால், அவன் அங்கே நிற்பது திட்டு வாங்குவதற்கு மட்டும்தான். நீங்கள் அந்த நேரம் போனை எடுக்கவும் மாட்டீர்கள். கோபமாக வருகிறவருக்கு முதலில் வேண்டியது தன் பேச்சைக் கேட்க ஒரு ஆள், இரண்டாவது எத்தனை மணிக்குச் சரியாகும் என்று ஒரு நேரம், மூன்றாவது ஏதாவது ஒரு ஈடு. எங்கள் இடத்தில் ரிசப்ஷனில் யார் இருந்தாலும் ஒரு அறைக்கு 1,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் விட்டுக்கொடுக்கலாம், நோட்டில் எழுதி வைத்தால் போதும். ஆரம்பித்தபோது முதலாளி பயந்தார், பையன்கள் அள்ளி விட்டுவிடுவார்கள் என்று. மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் ஆறேழு வரிதான் இருந்தது. தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் சிக்கனமாகத்தான் செலவு பண்ணுகிறார்கள். அந்த நோட்டுக்கு வேறொரு உபயோகமும் உண்டு. ஒரே அறை எண் மூன்று தடவை வந்தால் அந்த அறையில் என்னவோ கோளாறு, ஆளிடம் இல்லை.

அபராதம் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். அது தப்பு என்று மட்டும் சொல்லவில்லை, சட்டப்படியும் நீங்கள் நினைக்கிற மாதிரி போட முடியாது. எந்தத் தப்புக்கு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி அறிவித்திருக்க வேண்டும், ஆளுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், அந்தச் சம்பளக் காலத்தின் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வசூலான பணத்தைத் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவழிக்க வேண்டும். 1936-ஆம் வருஷத்துக் கூலி வழங்கல் சட்டத்திலேயே இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் வருஷக் கூலிச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. 12,000 ரூபாய் சம்பளக்காரனிடம் மிஞ்சி மிஞ்சிப் போனால் 360 ரூபாய். அதற்காக ஒரு ஆளை இழக்கப் போகிறீர்களா? கண்ணாடி டம்ளர் உடைந்தால் பிடிப்பேன் என்று ஆரம்பித்தால், உடைந்த டம்ளர் குப்பைக்குள் ஒளிந்து போகும். ஒருநாள் அது யார் காலையோ கிழிக்கும்.

கேமராவை வாசலில் வையுங்கள், வராந்தாவில் வையுங்கள், பணம் வாங்குகிற மேஜைக்கு மேலே வையுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்கள் சாப்பிடுகிற இடத்தில் கேமரா வைத்த ஒரு இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். முதலாளி வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொண்டு, "ரெண்டாவது தடவை சாம்பார் ஊத்துறது யாரு?" என்று கேட்பார். அங்கே நான் ஐந்து மாதம்தான் இருந்தேன்.

பதினொரு பேர் ஏன் போனார்கள் என்று அவர்களிடமே கேட்டீர்களா? ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். அது சொல்வதற்குச் சுலபமான காரணம். நான் பார்த்தவரை தூக்கமும் லீவும்தான் ஆட்களைத் துரத்துகிறது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஆறு பேரைப் படுக்க வைத்திருப்பீர்கள், சித்திரை வெயிலில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அது அடுப்பு. மறுநாள் காலை அந்த ஆள் எப்படிச் சிரிப்பான்? சிரிப்பது இந்தத் தொழிலில் வேலையின் ஒரு பகுதி. மனதில் ஒன்று இருக்க முகத்தில் வேறொன்றை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பதும் உழைப்புதான் என்று ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியர் 1983-லேயே விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதினார், உணர்ச்சி உழைப்பு என்று அதற்குப் பெயர். மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பு வலிப்பது போல இவர்களுக்கும் ஒரு இடம் வலிக்கும், அது வெளியே தெரியாது. நாற்காலிகூடக் கொடுக்காமல் ரிசப்ஷனில் நிற்க வைக்கிற பழக்கம் இன்னும் பல இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்களுக்கான சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சேர்த்தார்கள். புதுச்சேரிக்கு அந்தச் சட்டம் வராது. சட்டம் வராவிட்டாலும் நாற்காலி வரலாம்.

உங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, வங்காளம், அசாம் பக்கத்து ஆட்களாக இருப்பார்கள், எங்கள் இடத்திலும் அப்படித்தான். அவர்களை 'வடக்கன்' என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு காசு செலவில்லை. லீவுக் கணக்கும் அவர்களுக்கு வேறு. புதுச்சேரியிலிருந்து புவனேஸ்வருக்கும் ஹவுராவுக்கும் நேர் ரயில் உண்டு, ஆனால் வாரம் ஒரு தடவை. நீங்கள் வியாழக்கிழமை "சரி, நாளைக்குப் போயிட்டு வா" என்று சொல்லும் லீவு அவனுக்கு உதவாது. டிக்கெட் கிடைக்காமல் பொதுப் பெட்டியில் தொங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரமாட்டான். இரண்டு மாதம் முன்னாலேயே தேதியை முடிவு பண்ணி, டிக்கெட்டை நீங்களே போட்டுக் கொடுத்தால் திரும்பி வருகிற டிக்கெட்டும் அவன் கையில் இருக்கும். உள்ளூர்ப் பெண்களுக்கு மாசிமகம், வீராம்பட்டினம் தேர், பிள்ளைகளின் பள்ளிக்கூட மீட்டிங். வருஷ ஆரம்பத்தில் காலண்டரை எடுத்து வைத்து யாருக்கு எந்த நாள் என்று குறித்துவிடுங்கள். பத்துப் பேர் ஆகிவிட்டால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு கட்டுங்கள். ஆளின் சம்பளத்தில் பிடிப்பது முக்கால் சதவீதம், நீங்கள் போடுவது மூன்றேகால். ஒரு பிரசவமோ ஒரு ஆபரேஷனோ நடந்தால் அதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்தபிறகும் மோசமான கஸ்டமர் வரத்தான் செய்வார். அதை மறைத்துப் பேச மாட்டேன். தமிழ்நாட்டில் 21 வயதானால்தான் குடிக்கலாம், இங்கே 18. விலையும் குறைவு. வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தெளியாமல் இருக்கிற குழுக்கள் உண்டு. 2007-ல் கடலூரில் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோன என் கையைப் பிடித்து ஒருவர் இழுத்தார். கீழே வந்து சொன்னேன். அப்போதிருந்த மேனேஜர், "கஸ்டமரும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார். பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த ஆளின் முகம் மறந்துவிட்டது, மேனேஜர் சொன்னது மறக்கவில்லை. சில வருஷம் கழித்து வேறொரு மேனேஜர் வந்தார். அதே மாதிரி ஒன்று நடந்தபோது ராத்திரி பத்து மணிக்கு மேலே ஏறிப் போய், மிச்ச நாளுக்கான பணத்தை எண்ணி மேஜையில் வைத்து, "கெளம்புங்க சார்" என்றார். பெட்டியை ரூம் பாய் இறக்கினான், நாங்கள் எல்லோரும் படிக்கட்டில் நின்று பார்த்தோம். அதன்பிறகு அவர் எங்களை எவ்வளவு வேலை வாங்கினாலும் நாங்கள் முணுமுணுத்ததில்லை.

அதனால் குடித்துக்கொண்டிருக்கிற அறைக்குப் பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேராகப் போகட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். 2013-ஆம் வருஷச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்தால் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்குழு வைக்க வேண்டும். வேலையிடத்துக்கு வந்து போகிற வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது, கஸ்டமரும் அதில் அடக்கம். யாரை வெளியே அனுப்புவது என்பதை மட்டும் பையனிடம் விடாதீர்கள், நீங்கள் நேரில் வந்து செய்ய வேண்டிய வேலை அது.

இதற்கு நேர்மாறான தப்பு ஒன்று நம் தொழிலில் அதிகம் நடக்கிறது. ஜோடியாக வருகிறவர்களை நிற்க வைத்து, "கல்யாணம் ஆச்சா, லோக்கல் ஆதாரா?" என்று நான்கு பேர் கேட்க விசாரிப்பது. கல்யாணமாகாத இரண்டு வயதுவந்தவர்கள் ஓட்டலில் ஒரே அறையில் தங்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது, கோயம்புத்தூரில் சீல் வைத்த ஒரு தங்குமிடத்தின் வழக்கில். இரண்டு பேரின் அடையாள அட்டையையும் வாங்குங்கள், பதிவேட்டில் எழுதுங்கள், வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுங்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. குடும்பத்தினருக்கு மட்டும் என்றுதான் நடத்துவேன் என்றால், பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ரிசப்ஷனில் நிற்க வைத்துச் சொல்வது முறையில்லை.

பில் சண்டை பற்றி இரண்டு வார்த்தை. 7,500 ரூபாய் வரைக்குமான அறைக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைச் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிடுங்கள், கடைசியில் கூட்டினால் ஏமாற்றின மாதிரி இருக்கும். சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்க்காதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே கூடாது என்று வழிகாட்டு நெறி போட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அதற்குப் பதில் ரிசப்ஷனில் ஒரு உண்டியல் வையுங்கள். வாராவாரம் திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் திறந்து, பாத்ரூம் கழுவுகிறவருக்கும் சேர்த்துச் சமமாகப் பிரியுங்கள். பெட்டி தூக்குகிற பையனுக்கு மட்டும் டிப்ஸ் போய்ச் சேர்ந்தால், படுக்கை விரிக்கிறவளுக்கு அந்த அறை சுத்தமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

கஸ்டமர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்த ஒரு நாளைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30, விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் போச்சு, கரண்ட் போச்சு, மோட்டார் ஓடாது, மேல்தொட்டியில் இருந்த தண்ணீர்தான். நான் சொன்ன அந்த இரண்டாவது மேனேஜர் புயல் ஓய்ந்ததும் அறை அறையாகப் போய்ச் சொன்னார்: "தண்ணி அறைக்கு ரெண்டு பக்கெட்டுதான். கரண்ட் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. என் ஆளுங்க பாதிப் பேருக்கு வீட்டுக் கூரை பறந்திருக்கு, அவங்கள வீட்டுக்கு அனுப்பப் போறேன்." ஒருத்தர் கூடச் சத்தம் போடவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வாங்க வந்திருந்த ஒரு வியாபாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிபம்பில் தண்ணீர் அடித்து மாடிக்குத் தூக்கினார். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், கூரை இல்லை. பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு ராத்திரியே லாட்ஜுக்குத் திரும்பினேன். யாரும் கூப்பிடவில்லை. என்னைப் போல இன்னும் ஐந்து பேர் திரும்பியிருந்தார்கள்.

அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில் எழுதும்போது பையனைக் காட்டிக் கொடுக்காதீர்கள். "அந்த ஊழியர் மேல் நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்று எழுதுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை உங்கள் ஆட்களும் படிப்பார்கள். உங்களைக் காக்க வைத்தது எங்கள் திட்டக்குறை, இப்போது செக் இன் நேரத்தை மாற்றி ஆள் கூட்டியிருக்கிறோம் என்று நான்கு வரி, உங்கள் பெயரில் எழுதுங்கள். அவருக்குப் போன் போட்டு ஒரு தடவை பேசுங்கள். நட்சத்திரத்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள்.

பையனை அனுப்புவதா என்பதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேளுங்கள். அந்தச் சனிக்கிழமை அவன் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தான்? வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என்று சொல்லுவான் என நினைக்கிறேன். பகல் ஆள் வரவில்லை, நீயே பார்த்துக்கொள் என்று நீங்கள்தான் போனில் சொல்லியிருப்பீர்கள். வருகிற சனிக்கிழமை பதினொன்றரைக்கு நீங்கள் ரிசப்ஷனில் போய் உட்காருங்கள், அவனை உள்ளே போய்ச் சாப்பிடச் சொல்லுங்கள்.